மூன்றாவது துளைக்கு ஒரு வணக்கம்

வணக்கம் சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுச் சுவரில் புதிதாக மாட்டிய கார் சார்ஜரைச் செருப்பால் அடித்தவன் நான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. வலது கால் செருப்பு பலிக்கவில்லை என்று இடது கால் செருப்பையும் கழற்றிப் பார்த்தவன். இப்படிப்பட்டவனைத்தான் உங்கள் செயலாளர் சற்று முன் "அறிவுச் சுடரே" என்று அழைத்தார். பாவம், அவருக்குத் தெரியாது.

இனி முறைப்படி வருகிறேன். அவைக்கு அணியாகவும் என் போன்றோர் உளறலுக்கு அணையாகவும் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, கண்ணுக்குத் தெரியாத காட்டாற்றைக் கம்பிக்குள் கட்டி ஆளும் வீட்டு மின்பணியாளர் சங்கத்துப் பெருமக்களே, ஏணி உச்சியில் இளமையைச் செலவழித்துவிட்டு இன்று முன்வரிசையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் மூத்தோர்களே, அவர்கள் வேலை முடித்து வீடு திரும்பும் வரை நெஞ்சில் ஒரு படபடப்பைச் சுமக்கும் தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து "எதைக் கொட்டப்போகிறாரோ" என்று என்னையே பார்க்கும் என் துணைவியே, உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

என் துணைவி வீடு வீடாகப் போய், விழுந்தவர்களை எழுந்து நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட். தன் சம்பாத்தியத்தில் ஒரு மின்சாரக் கார் வாங்கினாள். எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று சொல்லத் தெரியும். கார் வந்தது, சார்ஜர் வந்தது, கடைக்காரர் அனுப்பிய ஆள் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். நான் செருகினேன். சிவப்பு விளக்கு. பிடுங்கிச் செருகினேன். சிவப்பு. பிறகுதான் செருப்பு.

எங்கள் தெருவில் ஒருவர் உண்டு. பெயர் 'ஆல் இன் ஆல்'. எதைத் திறந்தாலும் மூடத் தெரியாது, ஆனால் திறந்துவிடுவார். அவர் வந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இது எர்த் கேக்குது. நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால ஒட்டிவிட்டா வாயை மூடிக்கும்." சொல்லிவிட்டு, ஒட்டுகிற வேலைக்கு மட்டும் வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார். அவர் அறிவு அங்கே தெரிகிறது.

ஒயர்மேனைக் கூப்பிட்டேன். ஒயர்மேன் வந்தார். பெண். லைசென்ஸில் ஒயர்மேன் என்றுதான் போட்டிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்துச் சலித்துவிட்டாராம். சிரிக்காதீர்கள் ஐயா, அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

வந்ததும் நான் அதிகாரமாக ஆணையிட்டேன், ஒரு துண்டு ஒயரை ஒட்டிவிட்டுப் போம்மா என்று. அவர் சார்ஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டில் எது பழுது என்று யோசித்திருப்பார்.

"ஒட்டினா விளக்கு பச்சையாகும் சார். ஆனா அது பொய்ப் பச்சை. ஒருநாள் நியூட்ரல் கழண்டுச்சுன்னா கார் உடம்பு முழுக்கக் கரண்ட்டு. காலையில முதல்ல கார் கதவைத் தொடுறது யாரு?"

எங்கள் வீட்டில் காரைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். அங்கே தரையில் ஒரு மரப்பலகை கிடக்கும். என் மனைவி அதன்மேல் ஏறி நின்றுதான் துணி போடுவாள். அந்தப் பலகையை வைத்து நான் எத்தனை மேடையில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? "என் வீட்டில் துவைப்பதற்கே மேடை போட்டிருக்கிறோம்" என்பேன். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

ஒயர்மேன் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை நாளா சுர்ருங்குது அக்கா?"

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒன்பது வருஷமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேம்மா. மொதல் ரெண்டு வருஷம் சொன்னேன்."

அவையோரே, அவள் சொன்னது உண்மை. ஈரக் கையால் தொட்டால் சுர்ரென்கிறது என்றாள். உன் கையிலேயே கரண்ட் இருக்கிறது என்றேன். விரல் மரத்துப்போகிறது என்றாள். மோதிரத்தைக் கழற்று என்றேன். மூன்றாம் ஆண்டு அவள் சொல்வதை நிறுத்தினாள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவளோ பலகை தேடிக்கொண்டாள்.

ஒயர்மேன் பிளக் பாயின்டைக் கழற்றினார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். அதில் மூன்று துளை. இரண்டு துளை வேலை செய்யும், மூன்றாவது காவல் காக்கும். தப்பித் திரியும் மின்சாரத்தைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும். அந்தப் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். சுவருக்குள் போனது, மீட்டர் பெட்டிக்கு வந்தது, போர்ட்டிகோ பக்கம் திரும்பியது, டைல்ஸுக்கு அடியில் போய் அறுந்து நின்றது.

"இங்க எர்த் குழாய் ஒண்ணு இருந்திருக்கணுமே சார். எங்க?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தரையிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டு ஒரு இரும்புக் குழாய் இருந்தது. அதில் என் கால் கட்டைவிரல் இரண்டு முறை இடித்தது. டைல்ஸ் போட வந்த கொத்தனார் "இதை எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார். எடுத்துவிட்டு டீ குடிக்கச் சொன்னேன். அது நடந்து ஒன்பது வருஷம்.

நான் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும் என் மனைவி நிதானமாகக் கேட்டாள்: "அப்ப, உங்க கட்டைவிரலுக்காகத்தானா?"

கோர்ட்டில்கூட இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றே தோட்டத்து மூலையில் குழி தோண்டினார் அந்த ஒயர்மேன் தங்கை. புதுக் கம்பி இறக்கினார், பச்சை ஒயரை இழுத்து இணைத்தார், கருவி வைத்துச் சோதித்தார். சார்ஜரைச் செருகினோம். பச்சை. மெய்ப் பச்சை. நான் காரைச் சுற்றி வந்து கும்பிட்டேன். என் மனைவி காரைப் பார்க்கவே இல்லை. உள்ளே போனாள். கையை நனைத்தாள். பலகையைக் காலால் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தரையில் நின்று, துவைக்கும் இயந்திரத்தின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள்.

"சும்மா இருக்கு," என்றாள்.

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே. ஒரு பெட்டி, ஓர் உயிரற்ற பெட்டி, காருக்கு ஒரு துளி மின்சாரம் கொடுக்கும் முன் கேட்கிறது, கீழே மண் இருக்கிறதா என்று. இல்லை என்றால் மறுக்கிறது. அடித்தாலும் மறுக்கிறது. அதட்டினாலும் மறுக்கிறது. அதற்கு இருந்த அக்கறை எனக்கு ஏன் இல்லை? அதற்கு இருந்த பிடிவாதம் எனக்கு ஏன் இல்லை? அது ஒரு நொடியில் கண்டுபிடித்ததை, ஒரே கூரையின் கீழ் ஒன்பது ஆண்டு வாழ்ந்த நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அது கேட்டது. நான் கேட்கவில்லை.

மின்பணித் தோழர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி ஊரெங்கும் சார்ஜர் மாட்டப் போவீர்கள். சுவரைத் துளைக்கும் முன், ஒயரை இழுக்கும் முன், அந்த வீட்டில் துவைப்பவரை, சமைப்பவரை, துடைப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: எங்கேயாவது சுர்ருங்குதா? வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நீங்கள் கேளுங்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். வாய்மூடிப் போனவர் வாய் திறக்கும் வரை கேளுங்கள்.

மேடை தந்த தலைவருக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், ஒட்ட மறுத்த அந்த ஒயர்மேன் தங்கைக்கும், என்னை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் என் துணைவிக்கும் நன்றி கூறி, தலை தாழ்த்தி விடைபெறுகிறேன்.

போகும் முன் ஒன்று. இந்த மைக், நான் பேசத் தொடங்கியதிலிருந்து உதட்டில் படும்போதெல்லாம் சுர்ரென்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை.