தாலி கட்டேக்கை வந்த ஆமை

இராசமலர்: …ஆமை, தம்பிஐயா! ஆமை! என்ரை பிள்ளையின்ரை கலியாணக் கசற்றுக்கை!

தம்பிஐயா: இராசமலர் அக்கா, முதல்லை இருங்கோ. கடைக்கு ஆக்கள் படம் எடுக்க வாற நேரம்…

இராசமலர்: வரட்டும். கேக்கட்டும். இணுவில் முழுக்க வீடியோ எடுக்க வேறை ஆளில்லை எண்டோ உம்மைக் கூப்பிட்டனான்? ஐயர் தாலியை எடுத்துக் குடுக்கிறார், மாப்பிள்ளை வாங்கிறார்… பிறகு பாத்தால் தொப்பி போட்ட ஆமை ஒண்டு சைக்கிளிலை வருது!

தம்பிஐயா: அது… வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு ரீவிக்கெண்டு கீறின கார்ட்டூன் அக்கா. கொழும்பிலையிருந்து புதுக் கசற் வரேல்லை. அதுதான் பழையதுக்கு மேலை எடுத்தனான்.

இராசமலர்: அப்ப தாலி எங்கை?

தம்பிஐயா: பற்றரி… பற்றரி இறங்கிப் போச்சு. மாத்திறதுக்குள்ளை ஐயர் அவசரப்பட்டு…

இராசமலர்: ஐயரிலை பழியைப் போடாதையும்! ஆமை புகுந்த வீடு உருப்படாது, தெரியாதோ?

தம்பிஐயா: வீட்டுக்கை எங்கை புகுந்தது? ரீவிக்கைதானே…

இராசமலர்: ரீவி வீட்டுக்கைதானே கிடக்கு!

தம்பிஐயா: சரி, சரி. மகாதேவியையும் மாப்பிள்ளையையும் அதே உடுப்போடை வரச் சொல்லுங்கோ. தாலி கட்டிறதை இன்னொருக்கா…

இராசமலர்: கழட்டிப்போட்டுக் கட்டிறதோ? வாயைக் கழுவும்!

தம்பிஐயா: அப்ப கசற்றைத் தாங்கோ. சம்பந்தி அம்மா பாக்க முந்தி ஆமையை அழிச்சு விடுறன்.

இராசமலர்: கை வையாதையும்!

தம்பிஐயா: …ஏன் அக்கா?

இராசமலர்: அவ பாத்திட்டா. முந்தநாள், சண்டிலிப்பாயிலை, மாப்பிள்ளை வீட்டிலை.

தம்பிஐயா: முருகா! என்ன சொன்னவ?

இராசமலர்: …சிரிச்சவ.

தம்பிஐயா: அந்த மனிசியோ!

இராசமலர்: கலியாணம் முடிஞ்சு ஒரு மாசம். என்ரை பிள்ளையோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. சாப்பிடக் கூப்பிடுறதெண்டாலும் மகனிட்டைத்தான் சொல்லி விடுவா. அண்டைக்கு மகாதேவி பக்கத்திலை இருந்து ஆமையின்ரை இங்கிலீசைத் தமிழிலை சொல்லச் சொல்ல, கண்ணீர் வரச் சிரிச்சுப்போட்டு, "பிறகென்ன பிள்ளை?" எண்டு கேட்டவ. பிள்ளை எண்டு, தம்பிஐயா!

தம்பிஐயா: அப்ப ஏன் என்னோடை சண்டை?

இராசமலர்: ஆமை பாலத்தாலை ஆத்துக்கை விழுகுது. விழுந்த கையோடை, என்ரை மனிசன் பந்தியிலை பாயாசம் குடிக்கிறார்! ஆமை செத்துதோ, பிழைச்சுதோ?

தம்பிஐயா: ஆமை தண்ணியிலை சாகுமோ அக்கா?

இராசமலர்: அந்த ஆமைக்குத்தான் நீந்தத் தெரியாதே! நாளைக்குச் சம்பந்தி திரும்பக் கேட்டால் மகாதேவி என்னத்தைச் சொல்லுவாள்? மிச்சத்தைத் தாரும்.

தம்பிஐயா: மிச்சத்துக்கு மேலை பந்தியை எடுத்ததாலை அது அழிஞ்சு போச்சு. ஆனால் அதே ஆமையை வைச்சு அவங்கள் பதின்மூண்டு படம் செய்தவங்கள். நாலு என்னட்டைக் கிடக்கு. சம்பந்தி அம்மாவுக்குக் கொண்டு போங்கோ.

இராசமலர்: கொண்டு போறன். எண்டாலும் அந்த ஆத்திலையிருந்து எப்பிடித் தப்பினது? அதைச் சொல்லும்.

தம்பிஐயா: அது… எனக்கும் தெரியாது.

இராசமலர்: உம்மடை கடைக் கசற். நீர் பாக்கேல்லையோ?

தம்பிஐயா: பாத்தனான். ஆத்துக்கை விழுமட்டும்.

இராசமலர்: எங்கடை கசற்றிலையும் ஆத்துக்கை விழுமட்டும்தானே கிடக்கு! …தம்பிஐயா, நீர் எப்ப பாத்தனீர்?

தம்பிஐயா: …பற்றரி இறங்கேல்லை அக்கா. மாப்பிள்ளை தாலியை வாங்கினவுடனை, சரியாப் பதியுதோ எண்டு கமராவிலை ஒருக்காப் பின்னுக்குச் சுத்தி ஓட விட்டுப் பாத்தனான். பதிஞ்சது முடிய, ஆமை சைக்கிளிலை வந்திட்டுது… நிப்பாட்ட மனம் வரேல்லை. தலையை நிமித்தினால், எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்தி முடிஞ்சு பந்திக்குப் போட்டினம்.