மாமூலுக்குச் சரக்கு கேட்ட மண்டி

எங்க பழமண்டியில மாமூல் வாங்குற கொக்கி பரமன், போன ஆனி மாசம் மாமூலை ரெட்டிப்பாக்கினான். நடந்தது இவ்வளவுதான். இதுல என்ன கதை இருக்குன்னு பாக்குறீங்களா? வியாபாரிங்க கூட்டத்துல மைக்கைக் கையில குடுத்துட்டீங்க... சின்னதா ஒண்ணு சொல்லாம விடமாட்டேன்.

ரெட்டிப்புன்னதும் மண்டியே வாயை மூடிக்கிச்சு. எலுமிச்சை வியாபாரம் பண்ற அந்தோணியம்மா மட்டும் என் வாழைத்தார் கடைக்கு வந்து நின்னாங்க. "அண்ணாச்சி, இதைக் குடுத்தா எனக்குக் கடை மிஞ்சாது. தீபாவளிக்கு முன்னாடி பூட்டிட்டுப் போயிடுறேன்."

என்கிட்டயா வந்து சொல்றது? நானே பயந்தாங்கொள்ளி!

அந்த நேரம் பாத்து ஒரு பொண்ணு வந்துச்சு. மெஹருன்னிசான்னு பேரு. பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணுதாம். எதைப் பத்தி? ரவுடிக் கும்பல் எப்படித் தொழில் நடத்துதுன்னு!

"ஏம்மா, இதுக்கெல்லாமா டாக்டர் பட்டம்? அப்போ பரமனுக்கு ரெண்டு குடுக்கணுமே!"

அதுவும் சிரிச்சுச்சு. "சார், எங்க படிப்புல இதைப் பாதுகாப்புச் சந்தைன்னு சொல்லுவோம். அவரு விக்கிறாரு, நீங்க வாங்குறீங்க. சரக்குதான் பாதுகாப்பு."

"சரக்கா? வருஷக்கணக்கா காசு குடுக்குறேன், ஒரு பொட்டலம்கூட வரலையே!"

"நீங்க கேட்டீங்களா சார்?"

...கேட்டேனா? தாருல நாலு காய் அழுகியிருந்தா லாரிக்காரனை நடுரோட்டுல நிறுத்தித் திட்டுறவன் நான். இவன்கிட்ட ஒருநாளாவது சரக்கு எங்கடான்னு கேட்டேனா? நீங்க கேட்டீங்களா? யாருமே கேக்கலை!

"கேட்டா வெட்டுவானேம்மா."

"ஒருத்தர் கேட்டா வெட்டலாம் சார். மொத்த மண்டியும் கேட்டா? இந்தத் தொழிலுக்கு முதலீடே அவங்க பேருதான். 'என்னால முடியாது'ன்னு ஒரு தடவை சொல்லிட்டா பேரு போச்சு."

அன்னைக்கே கடைக்காரங்களைக் கூட்டிப் பேசினோம். மறுநாள் காலையில முதல் போன் நான் போட்டேன்.

"தம்பி பரமா, ரேட்டை ஏத்திட்டே, சரி. கடை வாசல்ல மாடு நின்னு சீப்பு சீப்பா தின்னுது. பாதுகாப்பு வேணும், ஆளை அனுப்பு."

"மாடா? அண்ணாச்சி... நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? முடியாதுன்னா சொல்லு, பரமனுக்கு மாடுன்னா பயம்னு மண்டியில சொல்லிடுறேன்."

வந்தான்யா! வந்து மாட்டை ஓட்டினான்!

அவன் திரும்புறதுக்குள்ள பப்பாளிக் கடையில இருந்து போன். சாக்கடை பொங்குது, பாதுகாப்பு வேணும். தர்பூசணிக்காரருக்கோ, மருமகன் கேக்காம பழம் தூக்கிட்டுப் போறான், பாதுகாப்பு வேணும். அந்தோணியம்மா இருக்காங்களே... "பரமா, எலி சாக்கைக் கடிக்குதுப்பா. இதுக்குத்தானே ரெட்டிப்பு வாங்குறே?"

பட்டாக்கத்தி பிடிச்ச கையில எலிப்பொறி! அதைப் பாத்ததும் அவன் ஆளுங்க ரெண்டு பேரு, "இதுக்கு ஜவுளிக்கடையில புடவை மடிக்கலாம்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டானுங்க.

ஆடி முடியலை. பரமன் என் கடைக்கு வந்து தொப்புன்னு உக்காந்தான். "அண்ணாச்சி, பழைய ரேட்டே குடுங்க. போன் மட்டும் பண்ணாதீங்க."

"பழைய ரேட்டுல மாடு உண்டா, இல்லையா?"

"அண்ணாச்சி..."

"சாக்கடை?"

தலையில கையை வச்சுக்கிட்டான். நான் ஒரு டீ சொன்னேன். அதுக்கப்புறம்தான் பேச்சுவார்த்தை.

வியாபாரிகளே, உங்களைத்தான் கேக்குறேன். கத்தரிக்காயை அமுக்கிப் பாத்து வாங்குறோம். பயத்தை மட்டும் ஏன் பாக்காம வாங்குறோம்? காசு கேக்குறவன் அரிவாளோட வரட்டும், ஆபீஸ் பையோட வரட்டும்... என்ன சரக்குன்னு கேளுங்க. தனியா கேக்காதீங்க, பல்லு போயிடும். மொத்தமா கேளுங்க. பயத்தை விக்கிறவனுக்கு டெலிவரி குடுக்கத் தெரியாது!

பேசி முடிச்சது இதுதான். மாமூல் பழசும் கிடையாது, புதுசும் கிடையாது. பதிலுக்கு எந்தக் கடைக்காரரும் பரமனுக்கு போன் பண்றதில்லை. அவன் மண்டிக்குள்ள வரலாம், பழம் வாங்க மட்டும்... ரொக்கத்துக்கு.