மூன்றாம் மேசையிலிருந்து ஐந்தாம் மேசைக்கு

பெயர் கங்கா, தந்தை பெயர் இராமையா, வயது 26, கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். முகவரி, லயம் எண் 14, சுங்கை மெலாத்தி தோட்டம், ஜெராம்.

கடந்த மார்ச் 3ஆம் தேதி காலை 9.20 மணிக்கு, நன்கு யோசித்த பின்னர், செல்லையா உணவகத்தில் நான்கு மாதமாக நான் உட்கார்ந்து வந்த மூன்றாம் மேசையை விட்டு ஐந்தாம் மேசைக்கு மாறுவது என முடிவு செய்தேன். முதல் நாளே அப்பாவிடம் தெரிவித்திருந்தேன். அவர், "மண்டோர் தப்பா நினைச்சிக்கப் போறாரு" என்றார்.

மண்டோர் என்றது காளியண்ணனை, வயது 71. தோட்டக் கண்காணியாக முப்பது ஆண்டு என் அப்பாவுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர். அவர் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டாகியும், அவர் நடந்து போனால் அப்பா எழுந்து நிற்பார். காளியண்ணன் தினமும் கடைக்கு வெளியே மஞ்சள் கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். சட்டப்படி புகைப்பவர் கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நான் அளந்தபோது பத்து சென்டிமீட்டர் கூடுதலாகவே இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று அடிப்பதால் புகை மூன்றாம் மேசைக்கு வரும். புகை பட்டால் எனக்கு மூச்சு அடைக்கும். கிளினிக் சீட்டை இணைத்துள்ளேன்.

லய வீட்டில் இணைய லைன் கிடைக்காததால் அந்தக் கடையில்தான் ஜப்பானிய மொழி படித்தேன். ஜப்பானில் ஒரு முதியோர் இல்ல வேலைக்கு மனுச் செய்திருந்தேன். மூன்றாம் மேசையிலிருந்து பேசிய முதல் நேர்காணலில் புகையால் இருமியதால் நிராகரிக்கப்பட்டேன். இரண்டாம் வாய்ப்பே கடைசி வாய்ப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

மேசை மாறிய பிறகு ஐந்தாம் மேசைக்கும் புகை வந்தது. 'தயவுசெய்து புகைக்காதீர்கள்' என்பதை ஜப்பானிய மொழியில் மூன்று விதமான மரியாதையில் சொல்லத் தெரிந்திருந்தும், தமிழில் மண்டோரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்ச் 10ஆம் தேதி, அவருக்குப் புரியாது என்பதால் தவறாகாது என்று கருதி, ஜப்பானிய மொழியிலேயே அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"என்னா புள்ள, ஏசுறியா?" என்றார்.

"இல்ல மாமா, கேக்குறேன்" என்று அர்த்தம் சொன்னேன்.

அவர் சிகரெட்டை அணைத்தார். "இத நம்ம பாஷையில கேட்டா வாய் வெந்துருமா? அப்படியே உங்கப்பன் லா நீ" என்றார். அதன் பிறகு உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார். நேர்காணல் தேதியையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 16ஆம் தேதி காலை 10.00 மணிக்கு ஐந்தாம் மேசையில் மடிக்கணினி வழி இரண்டாம் நேர்காணல் தொடங்கியது. காளியண்ணன் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 10.25 அளவில், கடையின் வாடிக்கையாளரான கார் விற்பனை முகவர் சிவானந்தம் உள்ளே வந்து, நான்காம் மேசையில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். கடை முதலாளி செல்லையா கல்லாவில் இருந்தார். அதன் பிறகு நடந்ததைக் காதால் மட்டுமே கேட்டேன்.

"தம்பி, புள்ள ஜப்பான்காரங்களோட பேசுது. வெளிய போய் பிடி."

"நீங்க எனக்கும் மண்டோரா? தோட்டத்துல வச்சிக்குங்க அதெல்லாம்."

"மொதல்ல வாயில இருக்கறத எடு."

அதன் பிறகு மேசை நகரும் சத்தம், கிளாஸ் உடையும் சத்தம், ஒருவர் விழும் சத்தம் கேட்டன. யார் கை முதலில் நீண்டது, விழுந்தவர் தள்ளப்பட்டாரா, வழுக்கி விழுந்தாரா என்பதை நான் பார்க்கவில்லை. கேமராவை விட்டுக் கண் விலகினால் மதிப்பெண் குறையும் என்று நேர்காணல் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அப்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, முதியவர் ஒருவர் உங்கள் முன் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பது. உடனே தூக்கக் கூடாது, அருகே மண்டியிட வேண்டும், பெயர் சொல்லி அழைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும் என இருமாமல் பதில் சொன்னேன். காளியண்ணன் என் இடப்பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் கிடந்தார். ஒருமுறை "கங்கா" என்றார்.

நேர்காணல் 10.41க்கு முடிந்தது. தலை குனிந்து நன்றி சொல்லி, திரையை மூடி, அதன் பிறகு அவர் அருகே மண்டியிட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர், "இருமுனியா?" என்று கேட்டார். "இல்ல மாமா" என்றேன். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பதையும், தலையில் அடிபட்டதால் விழுந்த விதம் நினைவில்லை என்பதையும் பின்னர் அறிந்தேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு, நான் தேர்வு பெற்றதாக மின்னஞ்சல் வந்தது.

மேலே உள்ள வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. நான் அறிந்த உண்மை இவ்வளவே.

(ஒப்பம்) கங்கா இராமையா

காவல்துறை விசாரணை அதிகாரியின் குறிப்பு: சிவானந்தம் தாம் தள்ளவில்லை என்கிறார். செல்லையா பார்க்கவில்லை என்கிறார். கண்ணால் கண்ட சாட்சி இல்லாததால் மேல் நடவடிக்கையின்றிக் கோப்பு மூடப்பட்டது.