தியாகலிங்கத்தின் காரின் பின்விளக்கு

1937ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் திகதி, பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் முன்னிலையில் சொன்னது. பெயர்: சவிரிமுத்து கனிசியஸ். வயது: 37. தொழில்: மோட்டார் திருத்துபவன். பிறந்த இடம் குருநகர். இப்போது கரவெட்டியில், பட்டறையோடு சேர்ந்த வீட்டில் இருக்கிறேன்.

வாடகைக் கார்ச் சாரதி தியாகலிங்கம் தம் காரின் பின்விளக்கை நினைத்தபோது அணைப்பதற்கு நான் களவாக ஒரு சுவிச்சுப் பூட்டிக் கொடுத்தேனா என்று கேட்கப்படுகிறது. இல்லை. நடந்தது பின்வருமாறு.

இலக்கத் தகட்டுக்கு வெளிச்சம் கொடுப்பது பின்விளக்குத்தான். சென்ற மாதம் மூன்று தடவை, பொழுதுபட்ட பின், வல்வெட்டித்துறை வீதியில் அந்தக் கார் இலக்கம் தெரியாமல் போனதைப் பொலிஸ்காரர் ஏரம்பு கண்டு மறித்திருக்கிறார். மூன்று தடவையும் ஆட்களை இறக்கி எண்ணிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆகவே இரகசிய சுவிச்சு இருக்கிறது என்று எழுதிவிட்டார். வழக்குத் தோற்றால் தியாகலிங்கத்தின் லைசென்சு போய்விடும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க விட்டால் கிணற்றுக்குள் விழக்கூடிய மனிதர்.

10ஆந் திகதி காரைக் கொண்டுவந்து, "கனிசியஸ் அண்ணை, நான் ஒரு சுவிச்சும் வைக்கேல்லை, பிள்ளையாராணை" என்றார். "பிள்ளையாரைக் கரைச்சல்படுத்தாதையும். காரை விட்டிட்டுப் போம்" என்றேன்.

அதன் பின்னர் பல்பை மாற்றினேன், பல்பு இருக்கும் குழியைச் சுரண்டினேன், வயர் பூட்டிய ஆணிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன், அதன் பின்னர் ஊரிலுள்ள மிக மோசமான ஒழுங்கைகளில் எல்லாம் காரை ஓட்டினேன். பரியாரியார் வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் நோயாளியைப் போல, இரண்டு நாளும் விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. எனக்கு வந்த கோபத்தைப் பதியத் தேவையில்லை என்று சார்ஜன் சொல்வதால் அதை விடுகிறேன்.

12ஆந் திகதி சனிக்கிழமை காலை தியாகலிங்கத்தைக் கூப்பிட்டு, வயரை விட்டுவிட்டு, காரில் ஏறினவர்களைப் பற்றி விசாரித்தேன்.

"கார் வெறுமையாப் போகேக்கை ஏரம்பர் எப்பவாவது மறிச்சவரோ?"

"இல்லை. மூண்டு முறையும் பின் சீற்றிலை ஆள் நிறைய."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆள் இருந்தால் அணைகிறது, இறங்கினால் எரிகிறது. ஆட்களை இறக்கி இறக்கி விளக்கை ஏற்றி வைத்தவர் பொலிஸ்காரர்தான். நான் தனியே நின்று சிரித்தேன். பின்னர் பின் ஆசனத்தில் ஏறி இருந்து பார்த்தேன், அணையவில்லை. நான் கருவாட்டுத் தேகம். தியாகலிங்கம் அதிலும் மெலிவு. ஆகவே வடமராட்சி முழுவதும் அறிந்த தேகமுள்ள ஏரம்புவுக்கே ஆள் அனுப்பினேன்.

அவர் கோபத்தோடு வந்தார். "என்னை இருத்திப் பகிடி பண்ணப் பாக்கிறீரோ?" என்றார். "ஐயா, ஒருக்கா இருங்கோ" என்றேன். இடப்பக்கம் இருந்தார், எரிந்தது. நடுவில் இருந்தார், எரிந்தது. வலப்பக்கம் நகர்ந்ததும் பின்னால் நின்ற தியாகலிங்கம், "நூந்திட்டுது" என்றார். எழும்பினார், எரிந்தது. அதன் பின்னர் அவர் ஏழெட்டுத் தடவை இருந்து இருந்து எழும்பினார். போதும் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. "நான் பொய் எழுதேல்லை" என்றார். "நானும் பொய் சொல்லேல்லை" என்றார் தியாகலிங்கம்.

அதன் பின்னர் ஏரம்புவின் முன்னாலேயே ஆசனத்தைத் தூக்கினேன். சுவிச்சு ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தில், பின்விளக்குக்குப் போகும் வயரை யாரோ முன்பு வெட்டி, முறுக்கி, நாடா சுற்றியிருந்தார்கள். அந்த மூட்டில் மஞ்சள் நூலால் கட்டி, மந்திரத் தகடு அடைத்த ஒரு செம்பு அச்சரக்கூடு தொங்கியது. பாரமான ஆள் இருந்தால் ஆசனத்துச் சுருள்வில்லு கூட்டைக் கீழே அமுக்கும், நூல் வயரை இழுக்கும், நாடாவுக்குள் மூட்டு விலகும். ஆள் எழும்பினால் திரும்ப ஒட்டும்.

தியாகலிங்கத்துக்குப் புட்டுக் கொண்டுவந்து நின்ற அவர் மனைவி அருமைநாயகிதான் கதைத்தார்.

"நான்தான் கட்டினனான். பொலிசு, கோடு, வழக்கு ஒண்டும் இவரை அண்டக்கூடாதெண்டு வருசப்பிறப்பண்டு கட்டினனான்."

முதலில் சிரித்தவர் ஏரம்பு. அவருடைய பல்லை அன்றுதான் நான் கண்டேன். புட்டை நால்வரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

அதன் பின்னர் மூட்டுக்கு ஈயம் பற்றவைத்தேன். அச்சரக்கூட்டை அருமைநாயகியின் சொற்படி முன்னால், வயர் ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டினேன். என் ஆயுதப் பெட்டிக்குள்ளும் அந்தோனியார் இருக்கிறார், ஆகையால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பொழுதுபட ஏரம்பு வலப்பக்கத்தில் இருக்க, தியாகலிங்கம் வல்வெட்டித்துறைக்குக் காரை ஓட்டினார். நான் சைக்கிளில் பின்னால் இலக்கத்தை உரத்து வாசித்துக்கொண்டு போனேன். ஓரிடத்திலும் அணையவில்லை. இவ்வளவு சந்தோசமாக நான் சைக்கிள் மிதித்ததில்லை. இதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சிரித்தது உட்பட எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, கூட்டிக் குறைக்க ஒன்றும் இல்லை என்று கையொப்பம் வைக்கிறேன்.

ச. கனிசியஸ்

மேற்படி உண்மை என்பதற்குச் சாட்சி: ஏரம்பு, பொலிஸ்காரர், இவ்வழக்கின் முறைப்பாட்டுக்காரர்.