தேதி குறித்தவன்

விளையாட்டுக்குத் தேதி குறிப்பது கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதைவிடச் சிரமம், சார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தால் போதும், மற்றவர்கள் வராவிட்டால் சாப்பாடு மிச்சம். எங்கள் ஆட்டத்துக்கு எட்டுப் பேரும் வரவேண்டும். ஏழு பேர் வந்தால் ஒரு ஜோடி உடைந்துவிடும், அதற்கு மேல் ஆட்டம் இல்லை.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். எழுதுகிறேன். பெயர் ஜீவானந்தம், வயது முப்பத்தேழு, ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். மலையில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு மோட்டார், ஏழுக்கு மேல்தெரு வால்வு, ஏழரைக்குக் கீழ்த்தெரு. பதினோரு வருடத்தில் யாரும் காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பியதில்லை. தண்ணீர் விஷயம் பின்னால் வருகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மேசைக் கால்பந்து என்றால் உங்களுக்குப் புரியும். நாங்கள் கம்பிப் பந்து என்போம். எட்டுக் கம்பி, கம்பி முழுக்க பொம்மை ஆட்கள், கம்பியை முறுக்கினால் பொம்மை பந்தை உதைக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதியை மூடியபோது அந்த டேபிளை வாங்கி வந்தோம். அப்போது ஊருக்கு ரோடு கிடையாது. டெம்போ நின்ற இடத்திலிருந்து எட்டுப் பேரும் தோளில் தூக்கி ஏறினோம். முன்னால் கோலோடு நடந்து முள்ளை விலக்கி வழி விட்டவர் அர்ச்சுனன் பெரியப்பா. என் ஜோடி குமரேசனின் அப்பா. முதல் ஆட்டத்துக்கு முதல் பந்தை உள்ளே போட்டவரும் அவர்தான். பிறகு வருடா வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது.

எட்டுப் பேரும் பங்காளிகள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இப்போது நான் ஒருவன்தான் ஊரில் இருக்கிறேன். குமரேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பிரகாஷ் ஓசூரில் லாரி ஓட்டுகிறான், மற்றவர்கள் ஆம்பூர், பெங்களூரு, கேரளா என்று பிரிந்துவிட்டார்கள். பொங்கலுக்கு ஒருவன் வந்தால் இன்னொருவன் வரமாட்டான். மே மாதக் கடைசி ஞாயிறு மட்டும் எட்டுப் பேரும் வருவார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் லீவு. எனக்கு வருடம் என்பதே அந்த ஒரு நாள்தான், மற்ற நாட்களில் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் பிறந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. டேபிள் இருப்பது என் பம்ப் ரூமில். கம்பிகளுக்கு மெஷின் ஆயில் போடுவேன், துடைப்பேன், மறுபடி போடுவேன். நீல அணியில் ஒரு பொம்மைக்குக் கால் உடைந்துவிட்டது, புளியங்கட்டையில் கால் செதுக்கி ஒட்டினேன். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி வந்து டேபிள் மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பேன். மட்டமாகத்தான் நிற்கும். மறுநாளும் பார்ப்பேன். மோட்டாரை ஐந்தே காலுக்கே போட்டுவிட்டுக் கீழ்த்தெருப் பெண்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வருடம் போகப்போகத் தூக்கமும் போய்விட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பங்காளி வீடுகள் ஒன்பதில் எந்த வீட்டில் துக்கம் விழுந்தாலும் எல்லாருக்கும் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மேளம், கறி, ஆட்டம் எதுவும் கிடையாது. முறை என்றால் முறை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரகாஷின் அம்மா வெள்ளிக்கிழமை இறந்தார்கள், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. போன வருடம் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால் சாந்தம்மாள் சித்தி. இரண்டு முறையும் எல்லாரும் லீவு போட்டு வந்தார்கள், டேபிளைத் தொடாமல் திரும்பிப் போனார்கள். சித்தி நல்ல மனுஷி. நாலு வருடம் படுக்கையில் கிடந்தவர் இன்னொரு ஒன்பது நாள் தாங்கியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பிரகாஷ் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினான்: “இந்த வாட்டியும் நின்னுச்சுன்னா டேபிள வித்துடலாம்பா. லீவு போட்டு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுனு போறதுக்கு இன்னா இருக்குது?”

ஆறு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கிய படம் போட்டார்கள். குமரேசனும் போட்டான். பம்ப் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பந்து இல்லாமல் கம்பிகளை மட்டும் ரொம்ப நேரம் முறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது என்பதை எழுதுவதில் வெட்கமில்லை.

மார்ச்சில் அர்ச்சுனன் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். இருபது நாளோ ஒரு மாதமோ, தேதியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு வேண்டியிருந்ததே தேதிதான்.

கணக்கு சுலபம். ஆட்டம் மே முப்பத்தொன்று. பதினைந்தாம் தேதிக்குள் என்றால் முப்பதாம் தேதிக்குள் காரியம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்றால் எந்த நாளானாலும் ஆட்டம் போச்சு, டேபிளும் போச்சு. ஜூன் என்றால் பிரச்சினையே இல்லை. நான் முதலில் ஜூனுக்குத்தான் ஆசைப்பட்டேன், சார். கோயிலில் சூடம் ஏற்றினேன். போளூருக்குப் போய் சத்து மாவு வாங்கி வந்து கொடுத்தேன். இதைக் கலைவாணியிடமே நீங்கள் கேட்கலாம். கலைவாணி குமரேசனின் மனைவி, பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இன்னொன்றையும் விசாரித்து வைத்தேன். அப்பா இறந்தால் மகன் காரியத்துக்குப் பிறகு விளையாடலாமா என்று பூசாரியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஒரு வருடம் கோயில் படி ஏறக்கூடாது, மற்றபடி தடையில்லை என்றார்.

தினமும் அரைமணி நேரம் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் பேசினால் பாதி காற்றுதான் வரும். கடைசி வார்த்தை மட்டும் தெளிவாக விழும். மே பிறந்ததிலிருந்து அந்தக் கடைசி வார்த்தை ‘ஆடுங்க’ என்பதாகவே இருந்தது. எங்கள் பக்கம் ஆடுகளை ஆடுங்க என்றுதான் சொல்வோம். நாற்பது வருடம் ஆடு மேய்த்தவர் அவர். சொல்லும்போது நல்ல கையின் மணிக்கட்டை முறுக்கி முறுக்கிக் காட்டுவார். பட்டிக் கதவுக் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் பட்டியில் அடைத்தாயிற்று என்று நானும் சொல்வேன். அவர் தலையை ஆட்டி, மறுபடியும் அதையே சொல்வார். பாவம், நினைவு தப்பிவிட்டது என்று இருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி கஞ்சியும் இறங்கவில்லை. இனி ஜூன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றும் மறுநாளும் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. டேபிளை மட்டம் பார்த்தேன், பம்ப் ரூமைக் கழுவினேன், டேங்க் ஏணியில் காரணமில்லாமல் ஏறி இறங்கினேன். இப்போதும் எழுதும்போது என் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, உங்கள் ஏட்டய்யா இரண்டு முறை பார்த்துவிட்டார்.

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. பத்து மணிக்குக் கலைவாணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “செத்த நேரம் பாத்துக்குங்க மாமா, ரேசன் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்றாள்.

ஆஸ்பத்திரி நர்சம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எது கொடுத்தாலும் சாய்த்து உட்காரவைத்து, ஸ்பூனில், கெட்டியாகத்தான் கொடுக்கவேண்டும். படுத்திருக்கும்போது வெறும் தண்ணீர் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும். கலைவாணிக்குச் சரியாகப் புரியவில்லை என்று நான்தான் இரண்டாம் முறை விளக்கிச் சொன்னேன்.

பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையும் ஒரு சாமை மூட்டையும் இருந்தன. மூன்றையும் எடுத்தேன். மூட்டையை மூலையில் வைத்து, தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கதவோரம் அடுக்கினேன். எனக்கு எதையும் போட்டது போட்டபடி விடத் தெரியாது. அவர் மட்டமாகப் படுத்தபடி என்னைப் பார்த்தார். கை முறுக்கியது. ஆடுங்க என்றார்.

“எல்லாம் பட்டியில இருக்குது பெரிப்பா. நீங்க தண்ணி குடிங்க” என்றேன்.

ஒரு சொம்புத் தண்ணீர். அன்று காலை நானே விட்ட தண்ணீர். வாய் கோணியிருந்ததால் கொஞ்சம் கன்னத்தில் வழிந்தது, துண்டால் துடைத்துவிட்டேன். நடுவில் மூன்று தடவை நிறுத்தினேன். நிறுத்தியபோதெல்லாம் அதே வார்த்தையைச் சொன்னார். மொத்தம் நாலு தடவை. பிறகு இருமினார், பிறகு இருமத் தெம்பில்லை. நான் எழுந்து போகவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். யாரும் பக்கத்தில் இல்லாமல் போனார் என்ற பேச்சு அந்தக் குடும்பத்துக்கு வரக்கூடாது.

சாயங்காலம், சொந்தக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே, தலையணைகளை யார் எடுத்தது என்று கலைவாணி கேட்டாள். உறுத்துகிறது என்று அவரே எடுக்கச் சொன்னதாகச் சொன்னேன். சரி என்று போய்விட்டாள்.

அந்தப் பதினாறு நாளும் என்னளவு உழைத்தவன் ஊரில் இல்லை. பந்தல் போட்டேன், பத்திரிகை கொடுத்தேன், காரியத்துக்குத் தண்ணீர் டிரம் நிறைத்தேன். சொந்தப் பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். காரியம் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று எல்லாரையும் சம்மதிக்கவைக்க என்ன பேசவேண்டும் என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். சாப்பாடு முடிந்து பம்ப் ரூமுக்கு வந்தோம். குமரேசன் மொட்டைத் தலையோடு டேபிள்மேல் கை வைத்து நின்றான். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

“இன்னாடா புதுசா கேக்கற?” என்றான் குமரேசன். “ஆடறதுன்னு மே மாசப் பொறப்புலயே முடிவு பண்ணிட்டோமே.”

மே முதல் வாரம் அவன் இரண்டு நாள் ஊருக்கு வந்திருந்தான். அப்போது பெரியப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார். தான் எப்போது போனாலும், ஆட்டத்துக்கு முந்தின நாளே போனாலும், நிறுத்தக்கூடாது. கலைவாணி அதை வீடியோ எடுத்திருக்கிறாள். குமரேசன் ஒவ்வொருவனுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறான். பெரியவர்கள் தீட்டு என்று எழுந்தால் இதைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று ஏழு பேரும் இருந்திருக்கிறார்கள்.

“எனக்கு அனுப்பலியே” என்றேன்.

“உனக்கு எதுக்குடா? நீதான் தெனம் எங்க வூட்ல அவரு பக்கத்துல குந்தினு இருந்தியே. உன்னாண்டதான் அப்பா மொதல்ல சொல்லியிருப்பாரு.”

போனை என் கையில் கொடுத்தான். படத்தில் பெரியப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். முதலில் வந்ததெல்லாம் காற்று. ‘நான் போனாலும் நிறுத்தாதீங்க’ என்பது அதற்குள் இருக்கிறது என்று தெரிந்து கேட்டால் புரிகிறது. கடைசி வார்த்தை பளிச்சென்று விழுந்தது. நல்ல கை காற்றில் கம்பியை முறுக்கியது. நாலு பக்கமும் நின்றவர்கள் அழுதார்கள், பிரகாஷ்தான் அதிகம் அழுதான். நான் வெளியே போய் வால்வைத் திறந்தேன். அது தண்ணீர் விடும் நேரமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். முதல் பந்தைப் போட ஆள் இல்லை என்று கலைவாணியைக் கூப்பிட்டார்கள். போட்டாள். வழக்கமாகப் பம்ப் ரூம் பக்கமே வராதவள், அன்று முழுக்க வாசல்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆட்டம் ஐந்துக்கு மூன்று. நானும் குமரேசனும் ஜெயித்தோம். பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு நன்றாக நான் கோல் காத்ததில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவள் இரண்டு தலையணைகளையும் பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவருக்குத் தலையணையை எடுத்தால் மூச்சு முட்டும், எடுக்கச் சொல்லவே மாட்டார் என்று சொன்னாளாம். அன்றே ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, “அவரு ஆடச் சொன்னாரு, ஆடி முடிக்கட்டும்னு இருந்தேன்” என்றாளாம். நல்ல பெண். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பம்ப் ரூம் கூரை வடக்கு மூலையில் ஒழுகும். மழைக்கு முன்னால் டேபிள்மேல் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். கால் முளைத்த நீல பொம்மை நனைந்தால் ஊறிவிடும். அடுத்த வருடம் கடைசி ஞாயிறு மே முப்பதாம் தேதி வருகிறது, இங்கே காலண்டரில் பார்த்துவிட்டேன்.

கீழே கையெழுத்துப் போடுகிறேன். அர்ச்சுனன் பெரியப்பாவைப் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன், யாரும் தூண்டவில்லை. ஆடுகளை அவர் விற்று மூன்று வருடம் ஆகிறது என்பதும் எனக்குத் தெரியும், அன்று வண்டியில் ஏற்றிவிட்டதே நான்தான். இருந்தாலும் ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும், சார். அன்று காலை அவர் நாலு தடவை சொன்னார். கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.