தாய் வேலையும் பிள்ளை வேலையும்

எது எதற்குப் பிள்ளை என்று கணினிக்குத் தானாகத் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

திருவெறும்பூரில் எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்பு வேலைகள் எல்லாம் நான் எழுதிய அட்டவணையில் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், பக்கத்தில் அதற்கு முன் முடிய வேண்டிய தாய் வேலையின் எண். தொட்டிக்கு வரும் நீராவிக் குழாயை மூடுவது தாய். தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது பிள்ளை. வெறும் எண்படி அடுக்கினால் சில சமயம் பிள்ளை முந்திக்கொள்ளும். அதனால் தாய், அதன் தாய் என்று மேலே வரை தேடிப்போய் அடுக்கும்படி எழுதியிருந்தேன். முதல் வேலை முடிந்தால்தான் அடுத்தது அந்தந்த ஆளின் போனில் திறக்கும். இறங்கும் வேலை திறந்துவிட்டால் குழாய் மூடியாயிற்று என்று அர்த்தம்.

தொட்டியில் இறங்குகிறவன் இளவரசன். லால்குடிப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகள் மைத்ரேயியைக் கட்டிக்கொள்ளக் கேட்டான்.

"மறைக்கப் பிடிக்கலைங்க சார். உங்க சம்மதத்தோட செய்யணும்னு இருக்கோம்."

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. கான்டீனில் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் எதற்கும் ஓர் இடம் உண்டல்லவா. மைத்ரேயியிடம் எடுத்துச் சொன்னேன். "நீங்க சம்மதிக்கலைன்னாலும் ஆவணில பண்ணிப்போம்ப்பா" என்றாள். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

தொட்டி வேலை வந்த அன்று காலை, எண்படி மட்டும் அடுக்கும்படி மாற்றினேன். மூடும் வேலையைப் புதிதாகப் பதிந்து பழையதை அழித்தேன். புது எண் என்பதால் அது கடைசிக்குப் போயிற்று. பிள்ளை அனாதையாக நிற்கக் கூடாதே என்று அதன் தாய் எண்ணையும் மாற்றிக்கொடுத்தேன். குழாய் மூடும் பஷீர் அகமது, தன் போனில் வேலை வரட்டும் என்று காத்திருந்தார்.

இளவரசன் என் மேசைப் பக்கம் வந்தான்.

"மூடியாச்சுங்களா சார்?"

"போன்ல திறந்திருக்கா?"

"திறந்துடுச்சுங்க."

"அப்புறமென்ன, போயிட்டு வா."

நீராவி வழக்கமான நேரத்துக்கு வந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மைத்ரேயி வீட்டில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாளாவட்டத்தில் சரியாகிவிடும். அப்பா நல்லதுக்குத்தான் செய்வார் என்று அவளுக்கும் புரியும்.

நான் வந்தது வேறு விஷயமாக. மென்பொருள் பிழையால் வரிசை மாறிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறீர்களாம். இத்தனை வருடத்தில் என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. அன்றும் நான் வைத்த வரிசையில்தான் எல்லாம் நடந்தது. பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்.