முதல் படி கொஞ்சம் ஆழம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் மூன்றாவது படியின் ஓரம் உடைந்திருக்கிறது, மேடம். யாராவது இடறி விழுவதற்குள் கொஞ்சம் சிமெண்ட் பூசச் சொல்லுங்கள். நான் இருபத்தாறு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். ஒரு வாசலைப் பார்த்தால் படிதான் முதலில் கண்ணில் படும். பெயர்ப்பலகை, நாய் எல்லாம் அப்புறம்தான்.

வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, "அவசரமே இல்ல, உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றீர்கள். மரியாதையாகச் சொன்னீர்கள். அந்த மரியாதைக்காகவே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறர் கையெழுத்தைப் படித்தே காலம் போய்விட்டது.

என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அவள் நடக்கத் தொடங்கிய புதிதில் ஒருநாள், கடையில் கூட்டமாக இருந்ததால், "கையை விட்டுடாதடா" என்றாள் அம்மா. எந்த அம்மாவும் எந்தக் கடையிலும் சொல்கிற பேச்சுதான். நான் அதை ஆயுள் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம், பல் டாக்டர், பரீட்சை, வேலைக்கான இண்டர்வியூ, அப்பாவின் சாவு, அம்மாவின் சாவு, எல்லா இடத்துக்கும் அவள் வலது கை என் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. என் சட்டைகள் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். பெண் பார்க்கப் போன இடத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணப் பேச்சு அதோடு சரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஃபோனில் அந்தச் செயலி வந்தது. பார்வையில்லாதவர்கள் தெருவில் நடக்கும்போது காதில் வழி சொல்கிற செயலி. இருபது அடியில் வலது பக்கம் திரும்பு, எதிரே பஸ் ஸ்டாப், இப்படி. பேசுவது ஒரு பெண் குரல். தங்கை அதற்குக் காதுக்காரி என்று பெயர் வைத்தாள். "நீ சும்மா வா அண்ணா, காதுக்காரி கோவிச்சுக்கப் போறா" என்பாள். நானும் சிரிப்பேன்.

அதில் ஒரு வசதி உண்டு. ஓர் இடத்தில் நின்றுகொண்டு நம் குரலிலேயே ஒரு குறிப்பைப் பதிந்து வைக்கலாம். குடும்பத்துக்குள் மட்டும் கேட்கும்படியும் வைக்கலாம். அந்த இடத்துக்கு அவர்கள் வந்ததும் காதுக்காரி வாயை மூடிக்கொள்வாள், நம் குரல் பேசும். "இங்க சாக்கடை மூடி ஆடும், இடது பக்கமா ஒதுங்கிக்கோ." "இந்த வீட்டு ஜன்னல் வெளிப்பக்கமா திறந்திருக்கும், தலையைக் குனி." தபால் கொடுத்து முடித்தபின் தெருத் தெருவாகப் போய் நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள் பதிந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளுக்காக நானாகச் செய்தது.

ஆறே மாதத்தில் அவள் தனியாக வேலைக்குப் போய்வர ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ஃபோன் எடுக்கிற வேலை. முதல் நாள் சாயங்காலம் வாசலில் நின்று, "அண்ணா, யார் வந்திருக்கா பாரு. தனியா வந்திருக்கா" என்றாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. நான் கை தட்டினேன். அன்று கடைக்குப் போகும்போது என் இடது கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாகச் சில திருத்தங்கள் செய்தேன். மருந்துக்கடைக் குறிப்பை நாற்பது அடி தள்ளி வைத்தேன். அவள் நேராக ஆண்கள் முடிவெட்டும் கடைக்குள் போய், "தலைவலி மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்கு ஃபோன் செய்தாள். நான் இரண்டே நிமிஷத்தில் போய் நின்றேன். "எப்பக் கூப்பிட்டாலும் பக்கத்துலயே இருக்கியேண்ணா" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில்தான் இருந்தேன். அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே இருபது அடி பின்னால் கிளம்பிவிடுவேன். ரப்பர் செருப்பு வாங்கியிருந்தேன். பிடிபடாமல் இருக்க, அவள் நின்றால் நானும் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இதெல்லாம் அவள் பத்திரத்துக்காக.

பிறகு புரூஃப்காரர் வந்தார். நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். பிரெய்ல் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை, விரலால் தடவித் தடவிப் பிழை கண்டுபிடிக்கிறவர். அவருக்கும் பார்வை கிடையாது. நாற்பத்திரண்டு வயது, நல்ல மனுஷர், வாய் ஓயாமல் கேலி பேசுவார். வீட்டுக்கு வந்த முதல் நாளே, "இப்பவே மச்சான்னு கூப்பிடலாமா, இல்ல கல்யாணம் வரைக்கும் சார்தானா?" என்றார். என் தங்கை அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. தனிக்குடித்தனம் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். வீடும் பார்த்தாகிவிட்டது. "லைட் போடுற செலவே இல்ல மச்சான்" என்றார்.

தங்கை அவரையும் எங்கள் குடும்பக் குறிப்புகளுக்குள் சேர்த்தாள். என் குரல் அவருக்கும் கேட்கட்டும் என்று. "அண்ணன் குரல் வந்தா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்றாள். "நமக்கு மூடுறதுக்குன்னு தனியா வேற என்ன இருக்கு?" என்றார் அவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தண்ணீர் எடுத்துவரப் போவதுபோல உள்ளே போனேன்.

பார்வையில்லாத இரண்டு பேர் ஒரு வீட்டை எப்படி நடத்துவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அடுப்பு இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. நான் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். "நாங்க விழுந்தா நாங்க எழுந்துக்கறோம், நீ உன் வாழ்க்கையைப் பாரு அண்ணா" என்றாள். என் வாழ்க்கை எது என்று அவளுக்குத் தெரியாததுபோலப் பேசினாள்.

அவர்கள் பார்த்த வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே பழைய காகித கோடவுன் ஒன்று உண்டு. பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்து தரை சரிவாக ஏறி ஒரு பெரிய மேடையாகும். லாரிகள் பின்பக்கமாக வந்து நின்று சரக்கு ஏற்றுகிற மேடை. அந்தப் பக்க விளிம்புக்குக் கீழே ஆள் உயரம், கான்கிரீட் தரை. விளிம்பின் இடது கோடியில் ஒன்பது படிகள் இருக்கின்றன. அந்த வழியாகப் போனால் இரண்டு ரோடு தாண்டுவது மிச்சம். அதை அவர்களுக்குச் சொன்னதே நான்தான். "ஞாயித்துக்கிழமை கோடவுன் லீவு, லாரி வராது" என்றும் சொன்னேன். இரண்டு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பார்வையில்லாதவர்கள் ஃபோனை மட்டும் நம்பி நடப்பதில்லை, மேடம். ஃபோன் திசையைத்தான் சொல்லும். காலடியைக் கோல்தான் சொல்ல வேண்டும். பள்ளத்தின் விளிம்பு வந்தால் கோல் கீழே இறங்கும், அவர்கள் நின்றுவிடுவார்கள். ஆனால் அது படியா பள்ளமா என்பதைக் கோலால் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். இது வெளி ஆட்களுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் கூடவே நடந்த எனக்குத் தெரியும்.

அந்த ஒன்பது படிகளுக்கு நான் பதிந்த குறிப்பு இருபது அடி தள்ளி, விளிம்பின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. செயற்கைக்கோள் கொஞ்சம் முன்னே பின்னே காட்டுவது வழக்கம்தான். நேற்று உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் ஒலிப்பதிவைப் போட்டீர்கள். குரல் என்னுடையதுதான். "இங்க ஒன்பது படி இறங்கணும். கைப்பிடி கிடையாது. முதல் படி கொஞ்சம் ஆழம், கோலுக்கு எட்டாது. பயப்படாம காலை வைங்க." அங்கே எந்தப் படியும் ஆழமில்லை. அந்த ஒரு வரிக்குச் செயற்கைக்கோள் மேல் பழி போட முடியாது. அதை மூன்று தடவை பதிந்தேன். முதல் இரண்டில் குரல் நடுங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரூஃப்காரர் புது வீட்டுச் சாவி வாங்கக் கிளம்பினார். தங்கையும் கூடப் போவதாக இருந்தது. புது வீட்டுக்கு என்னென்ன பாத்திரம் வேண்டும் என்று எடுத்து வைக்கச் சொல்லி அவளை வீட்டில் இருத்தினேன். நான் அவருக்கு முன்னாலேயே கோடவுனுக்குப் போய்விட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது நல்லதல்லவா.

அவர் சரிவில் ஏறி வந்தார். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். விளிம்புக்கு வந்ததும் கோல் கீழே இறங்கியது, அவர் நின்றுவிட்டார். என் குரல் பேசி முடித்தது. அவர் குனிந்து கோலை இன்னும் கீழே விட்டுப் பார்த்தார். எங்கும் முட்டவில்லை. ஒரு அடி பின்னால் வந்தார். அப்புறம் தலையைத் திருப்பி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் எட்டடி தூரத்தில் இருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஃபோனைத் தட்டிக் குறிப்பை மறுபடி கேட்டார். பயப்படாம காலை வைங்க என்றேன், ஃபோனுக்குள்ளிருந்து. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பயத்தைப் பார்த்தே சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுக் காலை வைத்தார்.

கால் சுளுக்கும், இரண்டு மாதம் படுப்பார், கல்யாணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதிவிட்டு அடிக்க நினைத்தேன், ஆனால் நீங்கள் அடித்தல் திருத்தல் கூடாது என்றீர்கள். அந்த உயரத்தை நான் முன்பே டேப் வைத்து அளந்திருந்தேன். கீழே இரும்புத் தண்டவாளத் துண்டு கிடந்ததும் தெரியும். விழுந்த சத்தத்துக்கு அப்புறம் கீழிருந்து ஒரு முனகலும் வரவில்லை. நான் வந்த வழியே சரிவில் இறங்கி வீட்டுக்குப் போனேன். தங்கை பாத்திரங்களை இரண்டு இரண்டாக எடுத்து வைத்திருந்தாள். தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு.

வழி தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அவருடைய ஃபோன் அவருக்கு அடியில் நொறுங்கிப் போயிருந்தது. அன்று ராத்திரியே என் ஃபோனிலிருந்து அந்தக் குறிப்பை அழித்தேன். நான் அழித்தால் குடும்பத்தில் எல்லார் ஃபோனிலும் அழிந்துவிடும்.

தங்கை அதற்கப்புறம் வெளியே போகவில்லை. சேதி கேட்ட நிமிஷமே ஃபோனை அணைத்து அலமாரியில் போட்டிருந்தாள். வேலையை விட்டாள். மறுபடி டாக்டரிடமும் கடைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்பு மாதிரி இறுக்கமாக இல்லை, ஆனாலும் பிடித்தாள். அந்த நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு தொல்லைதான். எங்கே ஒரு கதவு திறந்தாலும், பக்கத்து வீட்டில் யார் குரல் கேட்டாலும், யாராவது இருக்கீங்களா என்று அவர் கேட்பதுபோல இருக்கும். தபால் கொடுக்கப் போன வீட்டிலும் கேட்கும். இருக்கேன் என்று சொல்ல வாய் திறப்பேன். சத்தம் வராது.

அவள்தான் ஃபோனைத் தொடுவதில்லையே என்று அதற்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். இணைப்பு இல்லாத ஃபோனுக்கு நான் அழித்த செய்தி போய்ச் சேரவே இல்லை. வழி சொல்ல அதற்கு இணைப்பு தேவையில்லை. நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளும், அந்த ஒன்றும், அதற்குள் அப்படியே இருந்திருக்கின்றன.

போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் அந்த ஃபோனை எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போயிருக்கிறாள். அவர் கடைசியாக நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியதாம். அவள் கொடுத்த புகாரை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். விளிம்பில் நின்றதும் என் குரல் பேசியிருக்கிறது. அவள் அங்கேயே உட்கார்ந்து, கோலைக் கீழே விட்டு, கையால் விளிம்பைத் தடவிப் படியைத் தேடியிருக்கிறாள். என் குரலைப் பதினொரு தடவை கேட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். என் மூச்சை வைத்தே நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடக் கூடியவள். ஒருநாளும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள். "யாராவது இருக்கீங்களா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

புரூஃப்காரரைக் கொன்றது நான்தான். திட்டம் போட்டு, அளந்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கொன்றேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். என் தங்கை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புகார் கொடுக்க அவள் தனியாகவே இங்கே வந்தாள் என்று சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நாலு ரோடு தாண்ட வேண்டும், சிக்னல் கிடையாது, இந்தப் பக்கத்துக்கு நான் ஒரு குறிப்புகூடப் பதியவில்லை. நீங்கள் யாரையோ காப்பாற்றுகிறீர்கள். பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள், மேடம்.